வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் சரிவருமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருடைய லெப்டொப்களில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். "உங்களுக்கு இது வேண்டாம், விண்டோஸிலேயே இருங்கள்" என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சரிவருமா, வராதா?

இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுடன் வீடியோவில் கதைப்பது. உங்கள் கணினி வேலை இவ்வளவுதான் என்றால் வடிவாகச் சரிவரும். ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளில் உங்கள் வருமானம் தங்கியிருந்தால், அந்தக் கணினியில் கை வைக்க வேண்டாம்.

இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று அறிய ஒரு வழி இருக்கிறது. கணினிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். ஒரு வாரம், எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதன் பெயரை எழுதுங்கள். எந்தப் பிரின்டர், எந்த ஸ்கேனர் என்பதையும் எழுதுங்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். லினக்ஸ் நல்லதா, விண்டோஸ் நல்லதா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். உங்கள் வீட்டுக்கான பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பலருடைய தாளில் குரோம் ஏழு நாளும் இருக்கும், வேர்ட் இரண்டு நாள் இருக்கும், மற்றதெல்லாம் ஒருமுறைதான் இருக்கும்.

லினக்ஸ் என்கிறார்கள், உபுண்டு என்கிறார்கள், மின்ட் என்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

லினக்ஸ் என்பது அடியில் இருக்கும் கரு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது. அதன் மேல் திரை, மெனு, உலாவி, எழுதும் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பொதியாகத் தருபவைதான் உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்றவை. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். திறமூலம் என்பதன் பொருள் அதுதான். உங்கள் ஆண்ட்ரொயிட் ஃபோனுக்குள் இருப்பதும் இதே லினக்ஸ் கருதான், ஆகவே நீங்கள் ஏற்கெனவே லினக்ஸ் பாவிப்பவர்.

யாரோ பொழுதுபோக்குக்குச் செய்வதை நம்பி வேலை செய்யலாமா?

உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கைக் கணினித்துறைத் தொண்டர்கள் சேர்ந்து சஹானா என்ற திறமூல மென்பொருளை எழுதினார்கள். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கே பயன்பட்டது. இதைப் பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடியாது.

என் லெப்டொப் 2016இல் வாங்கியது. விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். எறிந்துவிடவா?

எறிய வேண்டாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸரும் வேண்டும். அந்தத் தலைமுறை வெளிவந்ததே 2017இல். அதனால் அதற்கு முந்திய லெப்டொப்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வெளியே நிற்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர் பதிந்துகொண்டால் இன்னும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. அன்று ஏறிய லெப்டொப் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. ஓடுகிற ஒரு கணினியை மென்பொருளுக்காக மட்டும் ஒதுக்கிவைப்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு உண்மையான நட்டம். லினக்ஸை நான் இவ்வளவு விருப்பத்தோடு சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் அதனிடம் அற்புதத்தை எதிர்பார்க்க வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் லினக்ஸிலும் மெதுவாகத்தான் இருக்கும். யூனிட்டி பிளாசாவுக்குப் போய் சுழலாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைச் சிறியதாக வாங்கிப் பூட்டுங்கள்; லினக்ஸ் தரும் வேகத்தைவிட அது தரும் வேகம்தான் கூட. ரேம் 4 ஜிபி என்றால் வேலை நடக்கும், ஆனால் குரோமில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்தால் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

இத்தனை வகைகளில் எதை எடுப்பது?

லினக்ஸ் மின்ட். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் மெனு இருக்கும் இடம், கடிகாரம் இருக்கும் இடம் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கணினி சற்றுப் பழையது என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு ஒன்றையும் ஏற்றாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? பாமினியில் பழகிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொழும்புத் தமிழர்களுக்கு இதுதான் பெரிய தடை என்று நினைக்கிறார்கள். உண்மையில் வழி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். பாமினி என்பது ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டுவது ஆங்கிலம்தான்; கண்ணுக்குத்தான் தமிழ். அதனால்தான் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா, அப்பா எல்லாம் அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாகக் குழம்பித் தெரிகிறது. யூனிகோட் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த இடம் உண்டு. ஃபோனில் நீங்கள் எழுதும் தமிழ் யூனிகோட்.

பழைய பாமினிக் கோப்புகள் லினக்ஸில் திறக்குமா என்றால், திறக்கும். விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைக் கொப்பி பண்ணிக் கொண்டுவந்து, இரண்டு தரம் கிளிக் செய்து நிறுவுங்கள். அப்புறம் லிப்ரே ஒஃபிஸில் பாமினியைத் தெரிவுசெய்து, விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டு, முன்பு போலவே தட்டலாம். கோயில் அறிவித்தல், சங்கக் கடிதம் என்று இருபது வருடக் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இது போதும்.

புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பாமினியில் எழுதியதைத் தேடி எடுக்க முடியாது, மின்னஞ்சலில் ஒட்ட முடியாது, பத்து வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை அதைத் திறந்து வாசிக்கவும் முடியாது. விரல்கள் பழகிய இடங்களைக் கைவிட வேண்டியதில்லை. இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் இடம்பெற்ற ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் இருக்கிறது. அது நம் பழைய தட்டச்சுப் பொறியின் வழியில் வந்தது. பாமினி பழகிய கைக்கு அதிகம் அந்நியமாக இராது. தமிழ் 99 என்ற விசைப்பலகையும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிக்கிற மாதிரித் தட்டினால் தமிழாக வரும் முறையும் இருக்கிறது. விசைப்பலகைகளை மாற்றித் தரும் ஐபஸ் (ibus), அதனோடு எம்17என் (m17n) என்ற துணைப்பொதி, இரண்டையும் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். உள்ளீட்டு முறைப் பட்டியலில் தமிழுக்குக் கீழே இவையெல்லாம் வரிசையாக நிற்கும்.

லிப்ரே ஒஃபிஸில் ஒரு சிறு கரைச்சல் உண்டு. அது தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்து, சிக்கலான எழுத்து வகை என்ற தனிப் பெட்டியில் வைத்திருக்கிறது. எழுத்துருவையும் அளவையும் அந்தப் பெட்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் "எழுத்து பெரிதாக மாட்டேன் என்கிறது" என்று சலித்துப்போகிறவர்கள் அதிகம். மொழி அமைப்பில் அந்த வகையை இயக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை ஒருமுறை வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. சிங்களத்துக்கும் இதே வழிதான்.

அலுவலகத்திலிருந்து வரும் வேர்ட், எக்செல் கோப்புகள் குழம்பாதா?

எளிய கடிதமும் எளிய கணக்குத் தாளும் குழம்பாது. பெட்டிகளும் படங்களும் நிறைந்த படிவங்கள் சில இடங்களில் நகரும். விண்டோஸில் உள்ள லதா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இல்லாததால் வேறொன்று வந்து நிற்கும், வரிகள் கீழே தள்ளப்படும், ஒரு பக்கக் கடிதம் ஒன்றரைப் பக்கமாகும். இறுதிப் பிரதியை எப்போதும் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். மக்ரோ எழுதிய பெரிய எக்செல் கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டும் கணக்காளர் என்றால் லினக்ஸுக்கு வராதீர்கள். இடைப்பட்டவர்களுக்கு மைக்ரோசொஃப்டின் இணைய ஒஃபிஸ் எந்த உலாவியிலும் இலவசமாகத் திறக்கும். நான் முக்கியமான கோப்பை ஒருமுறை அதில் திறந்து பார்த்துவிட்டே அனுப்புகிறேன்.

பிரின்டர், ஸ்கேனர், வைஃபை?

உண்மையான சோதனை இங்கேதான். எச்பி பிரின்டர்களுக்கு அந்த நிறுவனமே லினக்ஸுக்கான இயக்கியை, அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை, திறமூலமாக வெளியிடுகிறது, அதனால் பெரும்பாலும் வயரைக் குத்தியதும் வேலை செய்யும். வைஃபை வசதியுள்ள புதிய பிரின்டர்கள் எந்தப் பெயராக இருந்தாலும் அநேகமாகத் தானாகவே கண்டுபிடிக்கப்படும். பயம் பழைய, மலிவான லேசர் பிரின்டர்களில்தான். உறவினர் ஒருவரின் வீட்டில் அப்படி ஒன்றோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போராடினேன். பக்கம் பாதியில் நின்றது, மறுபடி தொடங்கினால் பேசவே இல்லை. கடைசியில் அந்த வீட்டில் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். அவர் பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிக் கொடுப்பவர். தினமும் வினாத்தாள் அச்சிட வேண்டும். அங்கே கொள்கை பேசி என்ன பயன்?

வைஃபையில் சில புரோட்கொம், ரியல்டெக் சிப்புகளுக்குத் தனியே இயக்கி ஏற்ற வேண்டிவரும். அந்த நேரத்தில் இணையமே இருக்காதே என்று பயப்பட வேண்டாம். ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதன் டேட்டாவைக் கணினிக்குக் கொடுங்கள். அதற்கு எந்த இயக்கியும் தேவைப்படாது. மின்டில் இருக்கும் இயக்கி மேலாளர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஃபோட்டோஷொப், கணக்கு மென்பொருள், பேஜ்மேக்கர்?

அடோபியின் மென்பொருட்கள் லினக்ஸுக்கு வருவதில்லை. ஆட்டோகேட்டும் இல்லை. படம் திருத்த கிம்ப், வரைய இன்க்ஸ்கேப், கிரிட்டா, வீடியோவுக்கு கேடென்லைவ் இருக்கின்றன; நல்லவை, ஆனால் வேறானவை. பழைய வேகம் வர மாதங்கள் எடுக்கும். புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ அச்சகம் நடத்தி, வாடிக்கையாளர் கொண்டுவரும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து கொடுப்பவர் நீங்கள் என்றால், அந்தக் கணினியை அப்படியே விடுங்கள். கணக்கு மென்பொருள் உலாவியில் ஓடுவதாக இருந்தால் பிரச்சினை இல்லை. சீடியிலிருந்து விண்டோஸில் நிறுவியது என்றால், பிரச்சினை.

விளையாட்டுகள்?

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ளவற்றில் பெரும்பகுதி ஓடும், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்க வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டன் அதைச் சாத்தியமாக்கியது. ஆனால் வலொரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு முறை லினக்ஸை ஏற்பதில்லை. வீட்டில் ஒரு பெடியன் இருந்தால் அவனிடம் முதலில் கேளுங்கள்.

இணைய வங்கி, சூம், வட்ஸ்அப்?

உலாவியில் திறப்பது எதுவும் திறக்கும். சூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. வட்ஸ்அப்பை உலாவியில் பாவிக்க வேண்டும். டீம்ஸும் இப்போது உலாவி வழியாகத்தான்.

வைரஸ் வராதா? நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் கள்ளனும் பார்ப்பானே?

பார்ப்பான். 2024இல் அது நடந்தது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருளை ஒருவர் தனியாளாகப் பராமரித்து வந்தார். உதவி செய்கிறேன் என்று வந்த இன்னொருவர் இரண்டு வருடங்களுக்கு மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் அதற்குள் ஒரு இரகசிய வழியை வைத்தார். அன்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று கவனித்து, தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். உபுண்டு, மின்ட் ஆகியவற்றின் நிலையான பதிப்புகளை எட்டும் முன்பே அது பிடிபட்டது.

இந்தக் கதையில் எனக்கு ஆறுதலும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. திறந்திருந்ததால்தான் ஒருவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் உலகமே பாவிக்கும் ஒன்றை ஒரு மனிதர் சம்பளமில்லாமல் தனியாகச் சுமந்தார் என்பதும் உண்மை. உங்களுக்கு லினக்ஸ் பயன்பட்டால், முடிந்தபோது ஒரு சிறு தொகையாவது அனுப்புங்கள்.

வீட்டு நிலைமையில் பெரிய ஆபத்து வேறு. இங்கே பல கணினிகளில் இருப்பது களவாக உடைத்த விண்டோஸ். விண்டோஸ் 11 ஹோமின் சில்லறை விலை 139 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 41,700 ரூபா. மக்கள் ஏன் அந்த வழிக்குப் போகிறார்கள் என்று புரிகிறது. ஆனால் அந்த உடைக்கும் மென்பொருளுக்குள்ளேயே என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதே கணினியில்தான் வங்கிக் கடவுச்சொல்லையும் தட்டுகிறோம். லினக்ஸில் மென்பொருட்கள் ஒரே களஞ்சியத்திலிருந்து, சரிபார்த்த கையொப்பத்தோடு வருகின்றன. கண்ட கண்ட தளங்களில் இறக்கும் பழக்கமே நின்றுவிடுகிறது.

வயதான அம்மா அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

இளையவர்களைவிட அவர்களுக்கே இது நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அனுபவம். அவர்களுக்குத் தேவை நான்கு சின்னங்கள். மேல்மாடியில் இருக்கும் மாமி ஒருவருக்கு மின்ட் ஏற்றி, குரோம், மகளுடன் கதைக்கும் சூம், பக்திப் பாடல் கோப்புறை, அணைக்கும் பொத்தான் ஆகியவற்றை மட்டும் திரையில் பெரிதாக வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது ஒரேயொரு தரம், அதுவும் ரவுட்டர் பழுதானபோது. ஆனால் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் பலர் லினக்ஸைக் கண்டதும் கேட்காமலே அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றிவிடுவார்கள்.

அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டுமா?

நாளாந்த வேலைக்கு வேண்டாம். பிரச்சினை வந்தால் இணையத்தில் கிடைக்கும் தீர்வுகள் பெரும்பாலும் கட்டளைகளாக இருக்கும், அது உண்மை. புரியாத கட்டளையை ஒட்டாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஏற்றாமலே பார்க்கலாம். மின்டின் கோப்பு சுமார் 3 ஜிபி. டேட்டாப் பொதியைப் பார்த்துக்கொண்டு இறக்குங்கள். அதை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினி திறக்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற விசையை அழுத்தி அதிலிருந்து திறவுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். அந்தத் தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: வைஃபை, பிரின்டர், கெமரா, சத்தம், தமிழ். ஒரு மணித்தியாலத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால், முதலில் பெக்கப். புகைப்படங்களும் ஆவணங்களும் வெளி டிஸ்க் ஒன்றில் இருக்க வேண்டும், அதே கணினியின் டி டிரைவில் அல்ல. விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால், விண்டோஸின் வேகத் தொடக்கத்தை (Fast Startup) நிறுத்துங்கள், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். மாறி மாறித் திறக்கும்போது விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பதைக் காண்பீர்கள். பற்றரி பழுது அல்ல. லினக்ஸ் கிரீன்விச் நேரத்தைக் கணினியில் எழுதுகிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸில் ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

பிடிக்காவிட்டால் திரும்ப விண்டோஸுக்குப் போகலாமா?

போகலாம். 2012க்குப் பிறகு விண்டோஸுடன் விற்கப்பட்ட பெரும்பாலான லெப்டொப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி ஏற்றினால் இணையம் கிடைத்ததும் தானாக இயங்கிவிடும். ஆனால் விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவை லினக்ஸிலிருந்து தயாரிப்பது கொஞ்சம் கரைச்சலான வேலை. அதனால் விண்டோஸ் இருக்கும்போதே, மைக்ரோசொஃப்டின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவியால் இன்னொரு பென் டிரைவில் அதைச் செய்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.